ரிப்போர்ட்டில் ‘ஹைப்போபிளாஸ்டிக்’ என்று இருந்தால்: மூளை ரத்தக்குழாய் அமைப்பும் பக்கவாதமும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. ஆளைப் பார்ப்பதைவிட ஆளின் படத்தைப் பார்ப்பதுதான் அதிகம். ஆனாலும் கவரை வாங்கிய இடத்திலேயே பிரித்து, புரியாத ஒரு வார்த்தையைக் கைபேசியில் தேடிப் பார்த்து, முகம் வெளிறித் திரும்பி வருகிறவர்கள் வாரத்துக்கு நாலு பேராவது உண்டு. அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டுவிட்டேன். மருந்து, ஆபரேஷன் முடிவெல்லாம் உங்கள் டாக்டருடையது. படத்தில் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்பதோடு நான் நின்றுகொள்கிறேன்.

“வலது வெர்டிப்ரல் ஆர்ட்டரி ஹைப்போபிளாஸ்டிக்னு போட்டிருக்கு சார். எங்க அம்மாவுக்குக் குழாய் சுருங்கிப் போச்சா?”

சுருங்கவில்லை. பிறக்கும்போதே அந்தக் குழாய் சிறிதாகத்தான் இருந்தது. கழுத்தின் பின்பக்கமாக மூளைக்கு ஏறும் இரண்டு வெர்டிப்ரல் குழாய்களும் ஒரே அளவில் இருப்பவர்கள் சுமார் கால்வாசிப் பேர்தான். பாதிப் பேருக்கு இடது பக்கம் பெரிது, மிச்சமுள்ளவர்களுக்கு வலது பெரிது. வழக்கமாக 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். 2 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ‘ஹைப்போபிளாஸ்டிக்’ என்று எழுதுவோம். ‘வளர்ச்சி குறைந்தது’ என்பதைத் தாண்டி அந்த வார்த்தையில் வேறு பூதம் இல்லை.

பிறவியிலேயே சிறிதா, கொழுப்புப் படிந்து பிற்பாடு அடைத்துக்கொண்டதா என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு அழகான தடயம் இருக்கிறது. இந்தக் குழாய் கழுத்தெலும்பில் ஆறாவதில் நுழைந்து, ஒவ்வொரு எலும்பின் பக்கவாட்டுத் துளை வழியாகவும், ஊசிக்காதில் நூல் கோத்த மாதிரி மேலே ஏறுகிறது. குழாய் சிறிதாகவே வளர்ந்திருந்தால் எலும்பின் துளையும் சிறிதாகவே இருக்கும். துளை பெரிதாக இருந்து, உள்ளே ஓடும் குழாய் மட்டும் நூலாகத் தெரிந்தால், அது அடைப்பாகவோ கிழிசலாகவோ இருக்கலாம் என்று உஷாராவோம். சாயம் ஏற்றி ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோவில் இந்தத் துளையைப் பார்க்காமல் நான் எழுதுவதில்லை.

பல வருஷம் ‘ஹைப்போபிளாஸ்டிக்’ என்பதை ரிப்போர்ட்டின் முடிவுரையில் முதல் வரியாகவே எழுதிக்கொண்டிருந்தேன். என் தப்புதான். இப்போது கடைசியில் போட்டு, பக்கத்திலேயே ‘பிறவி அமைப்பு’ என்றும் சேர்த்துவிடுகிறேன்.

“மூளைக்கு மொத்தம் எத்தனை குழாய் போகுது? வில்லிஸ் வளையம்னா என்ன?”

நான்கு. முன்பக்கம் இரண்டு கரோட்டிட், பின்பக்கம் இரண்டு வெர்டிப்ரல். தாடைக்குக் கீழே விரல் வைத்தால் துடிப்பது கரோட்டிட். பின்னால் போகிற இரண்டும் மண்டைக்குள் ஒன்றாகச் சேர்ந்து பேசிலார் என்ற ஒரே குழாயாகிவிடும். மூளையின் எடை சுமார் 1.4 கிலோ, உடம்பின் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதத்தை அது வாங்கிக்கொள்கிறது. அதில் முக்கால் பங்கு கரோட்டிட் வழியாகப் போகிறது.

இந்த முன்வரத்தும் பின்வரத்தும் மூளையின் அடியில், கட்டைவிரல் அகலத்துக்குள் ஒரு வளையமாக இணைகின்றன. வடஆற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒரு ஏரிக்கு நாலு வரத்துக் கால்வாய். ஏரியின் கரை ஓரமாகவே சுற்றி ஓடும் ஒரு வாய்க்காலில் அந்த நாலும் வந்து விழுகின்றன, வயல்களுக்கான மதகுகள் எல்லாம் அந்தச் சுற்று வாய்க்காலில்தான். ஒரு வரத்து மண்மூடிப் போனால் மற்ற மூன்றின் தண்ணீர் சுற்றிக்கொண்டு வந்து அந்தப் பக்கத்து மதகையும் நனைக்கும். வில்லிஸ் வளையம் செய்வது இதைத்தான்.

தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1664-இல் வெளியிட்ட மூளை உடற்கூறு நூலில் இதை விளக்கினார். அந்த நூலுக்குப் படம் வரைந்து தந்தவர்களில் ஒருவர், பின்னாளில் லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். வில்லிஸுக்கு முன்னாலும் இந்த வளையத்தைக் கண்டவர்கள் இருந்தார்கள். அது எதற்கு என்று சொன்னவர் அவர். வேறு நோயால் இறந்த ஒருவரை அறுத்துப் பார்த்தபோது ஒரு கரோட்டிட் கல்லாக இறுகிக் கிட்டத்தட்ட மூடியே போயிருந்தது. அதே பக்கத்து வெர்டிப்ரல் மற்றதைவிட மூன்று மடங்கு பெருத்திருந்தது. அந்த மனிதருக்கு உயிரோடு இருந்தவரை பக்கவாதம் வந்ததே இல்லை. 360 வருஷம் கழித்தும் ஸ்கேன் திரையில் நாங்கள் பார்ப்பது இதே காட்சிதான்.

“எனக்கு வளையம் முழுசா இல்லையாம். இது அபூர்வமான கேஸா?”

முழு வளையம் வைத்திருப்பவர்தான் குறைவு. பாடப்புத்தகத்தில் வரைந்திருக்கும் மாதிரி எல்லாத் துண்டும் நல்ல அளவில் சேர்ந்திருப்பவர்கள் பாதிக்கும் கீழே. பெரும்பாலும் குறைவது பின் இணைப்புக் குழாய் என்ற சிறு துண்டு. கிராமக் கணக்குப் புத்தகத்தில் வாய்க்கால் என்று கோடு போட்டிருக்கும், போய்ப் பார்த்தால் சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கும். அந்த மாதிரிதான் பலருக்கும் இந்தத் துண்டு.

எம்ஆர்ஏ, அதாவது ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ படத்தில் ‘தெரியவில்லை’ என்றால் ‘இல்லை’ என்று அர்த்தமும் கிடையாது. சாயம் போடாமல் எடுக்கும் எம்ஆர்ஏ, ஓடுகிற ரத்தத்தைத்தான் படம் பிடிக்கிறது. இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாக இருந்தால் இணைப்பில் ஓட்டமே இருக்காது, படத்தில் வெற்றிடமாகத் தெரியும். தேவை வந்த அன்றைக்கு அதே துண்டு திறந்து வேலை செய்யும்.

“வளையம் முழுசா இல்லேன்னா பக்கவாதம் வந்துடுமா?”

அதனால் மட்டும் வராது. பிரச்சினை இன்னொன்று சேரும்போதுதான். ஒரு கரோட்டிட்டில் எழுபது, எண்பது சதவீத அடைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளையம் நன்றாக இருந்தால் மறுபக்கத்து ரத்தம் வந்து தாங்கிப்பிடிக்கும். இணைப்பு இல்லாதவருக்கு, ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலும் இரண்டு குழாய்களின் எல்லையில் உள்ள மூளைப்பகுதி காய்ந்துவிடும். கடைமடை வயல் முதலில் கருகும் இல்லையா, அதே கதை.

ஆகவே வளையம் பக்கவாதத்தை வரவழைப்பதில்லை. வந்தால் சேதம் எவ்வளவு, எந்த இடத்தில் என்பதை அது தீர்மானிக்கிறது. கரோட்டிட் அடைப்பைச் சுரண்டி எடுக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் சர்ஜன் வளையத்தை விசாரிப்பதும் இதனால்தான். குழாயைக் கிடுக்கி போட்டு நிறுத்தும் அந்தச் சில நிமிஷங்களில் மறுபக்கம் தாங்குமா, தற்காலிகக் குழாய் சொருக வேண்டுமா என்று அவர் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும்.

“ஃபீட்டல் பிசிஏ என்று இருக்கிறது. ஃபீட்டல் என்றால் கரு இல்லையா? எனக்கு 61 வயது!”

ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் இதைக் கேட்டுவிட்டு அவரே சிரித்தார். கேள்வி நியாயமானது. பிசிஏ என்பது மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய். கருவில் மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கரோட்டிட்டில் இருந்துதான் போகிறது. வளர வளர பேசிலார் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். சிலருக்கு இந்தக் கைமாற்றம் நடக்காமலே போய்விடுகிறது. பத்துப் பேரில் ஒருவர் முதல் மூவர் வரை, முழுதாகவோ பாதியாகவோ, ஒரு பக்கமாவது இப்படி இருப்பார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பின்மூளை பார்வைக்கான இடம். ஒருவருக்குத் திடீரென்று பார்வையில் வலது பாதி மறைந்தால், கோளாறு பின்பக்கக் குழாய்களில் என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். ஆனால் அவருக்கு இடப்பக்கம் ஃபீட்டல் அமைப்பாக இருந்தால், ரத்தக்கட்டி புறப்பட்ட இடம் கழுத்தின் முன்பக்கத்து இடது கரோட்டிட்டாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் சரிசெய்ய வேண்டிய அடைப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கும். இந்த ஒரு வரி வீண் வரி அல்ல, டாக்டரிடம் காட்ட வேண்டிய வரி.

“ஒரு பக்கம் ஏ1 இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பக்கம் மூளைக்கு ரத்தமே போகலையா?”

போகிறது, அண்டை வீட்டு இணைப்பிலிருந்து. ஏ1 என்பது முன்மூளைக் குழாயின் முதல் துண்டு. ஒரு பக்கம் அது சிறிதாகவோ இல்லாமலோ இருந்தால் மறுபக்கத்து ஏ1 இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சுமக்கும். அன்றாடத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ஒற்றை வழியில் கட்டி போய் அடைத்தால் இரண்டு கால்களும் ஒன்றாக பலமிழக்கலாம், ஆள் பேச்சும் அசைவும் இல்லாமல் வெறித்துப் பார்த்தபடி இருக்கலாம். பக்கவாதம் என்றால் ஒரு பக்கம்தானே என்று வீட்டில் இருப்பவர்கள் குழம்பிப்போவார்கள்.

இன்னொன்று, ஒரே பக்கமிருந்து ரத்தம் மோதிக்கொண்டே இருப்பதால் நடு இணைப்பில் பலூன் மாதிரி வீக்கம் உண்டாகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அனியூரிசம் என்பது இதைத்தான். அதனால் ஏ1 சிறிதாகத் தெரிந்தாலே அந்த முனையைப் பெரிதாக்கி இரண்டு முறை பார்ப்பேன். ‘அனியூரிசம் இல்லை’ என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

“போவைன் ஆர்ச் என்றால் மாட்டு வளைவாம். என்ன சார் இது?”

பயப்பட ஒன்றுமில்லை, பெயர் வைத்தவர்கள் மேல்தான் தப்பு. இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாயின் வளைவில் வழக்கமாக மூன்று கிளை பிரியும். சிலருக்கு முதல் இரண்டும் ஒரே அடியிலிருந்து பிரியும். அதற்குத்தான் இந்தப் பட்டம். மாட்டுக்கு உண்மையில் எல்லாமே ஒரே தண்டிலிருந்து பிரிகிறது, ஆக மாட்டுக்கும் இது பொருந்தாது. தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை எடுக்கிற டாக்டருக்கு இந்த வளைவின் வடிவம் முன்பே தெரிந்திருந்தால் நேரம் மிச்சமாகும். மற்றபடி மறந்துவிடலாம்.

“ஆள் தூங்கிட்டே இருக்காரு, எழுப்ப முடியல. கை கால் நல்லா இருக்கு. இதுவும் பக்கவாதமா?”

இருக்கலாம். எனக்கு ரொம்ப நாள் உறக்கம் கெடுத்த வகை இது. மூளையின் நடுவில் தலாமஸ் என்று இரண்டு முட்டை வடிவப் பகுதிகள், விழிப்பைக் காப்பவை. வழக்கமாக வலதுக்கும் இடதுக்கும் தனித்தனி நுண்குழாய்கள். சிலருக்கு மட்டும் ஒரே தண்டு கிளம்பி இரண்டுக்கும் பிரிந்து போகும். பிரெஞ்சு மருத்துவர் பெர்ஷெரான் விவரித்ததால் அவர் பெயரே அதற்கு. அந்தத் தண்டு அடைத்தால் இரண்டு பக்கமும் ஒரே நொடியில் அணைந்துவிடும். வாய் கோணாது, கை விழாது, ஆள் மயங்கித் தூங்குவார். எழுப்பினால் கண் ஒழுங்காக மேலே போகாது, ஞாபகம் தடுமாறும்.

சர்க்கரை இறங்கிவிட்டது, குடித்திருக்கிறார், தூக்க மாத்திரை அதிகமாகிவிட்டது என்றெல்லாம் நினைக்க வைக்கும். முதல் சிடியும் பல நேரம் சுத்தமாக இருக்கும். எம்ஆர்ஐயில் டிஃப்யூஷன் படம் எடுத்தால்தான் நடுவில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள், ஆந்தைக்கண் மாதிரி முழித்துப் பார்க்கும். திடீரென்று, காரணமில்லாமல், எழுப்ப முடியாத தூக்கம் என்றால் சர்க்கரையைப் பார்த்துவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

“எனக்கு அடிக்கடி தலைசுத்தல். இந்தச் சின்னக் குழாய்தான் காரணமா?”

பெரும்பாலும் இல்லை. படுக்கையில் புரளும்போதோ மேல் அலமாரியில் டப்பா எடுக்க அண்ணாந்தாலோ சில நொடி உலகம் சுற்றினால், அது காதுக்குள்ளிருக்கும் துகள் இடம்மாறிய தொல்லையாகத்தான் அநேகமாக இருக்கும். தலையைத் திருப்பிச் செய்யும் ஒரு பயிற்சியிலேயே சரியாகும். அதை விட்டுவிட்டு எம்ஆர்ஐ எடுத்து, அதில் யதேச்சையாகக் கண்ணில்பட்ட சின்னக் குழாய்மேல் பழியைப் போட்டு வருஷக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் சுற்றலோடு ஒன்று இரண்டாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, முகம் மரத்துப்போவது, சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியாதது இதில் ஏதாவது திடீரென்று சேர்ந்தால் கணக்கு வேறு. அப்போது காத்திருக்கக் கூடாது.

“சலூன்ல கழுத்தை நெட்டி முறிப்பாங்களே, அது பரவாயில்லையா?”

வேண்டாம். முடி வெட்டிவிட்டு, தலைக்கு நாலு தட்டுத் தட்டி, தாடையைப் பிடித்து ‘சடக்’ என்று ஒரு திருப்பு. சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் திருப்பில், முதல் கழுத்தெலும்பைச் சுற்றி வளைந்து ஏறும் வெர்டிப்ரல் குழாயின் உள்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போகும். நடப்பது அபூர்வம், ஆனால் நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் பக்கவாதம் வரும் வழிகளில் இதுவும் ஒன்று. ஒரு பக்கம் ஏற்கெனவே சிறிதாக இருப்பவருக்குக் கிழிவது பெரிய குழாயாக இருந்தால், ஈடுகட்ட ஆளில்லை. தலையில் எண்ணெய் தேய்ப்பதோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

“இது பரம்பரையா? பசங்களுக்கும் ஸ்கேன் எடுக்கணுமா?”

குழாய் சிறிது, வளையம் குறை என்பதற்காக யாருக்கும் எடுக்க வேண்டாம். விதிவிலக்கு அனியூரிசம். அப்பா, அம்மா, உடன்பிறந்தோர், பிள்ளைகள் இந்த வட்டத்தில் இரண்டு பேருக்கு அனியூரிசம் இருந்தாலோ, குடும்பத்தில் சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள் வரும் நோய் இருந்தாலோ, ஒரு எம்ஆர்ஏ எடுப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இடி விழுந்த மாதிரி ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி வந்தால் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

“குழாயைப் பெரிசாக்க மருந்து, ஆபரேஷன் ஏதாவது?”

கிடையாது, தேவையும் இல்லை. ஸ்டென்ட் என்பது அடைத்த குழாய்க்கு. சிறிதாகப் பிறந்த குழாய்க்கு அல்ல.

கையில் இருப்பது வேறு. பிரஷர், சர்க்கரை, பீடி சிகரெட், புகையிலை, ஒழுங்கில்லாத இதயத்துடிப்பு. இதில் பிரஷர்தான் பெரிய ஆள். ‘மாத்திரை போட்டு நார்மலாயிடுச்சு, அதான் நிறுத்திட்டேன்’ என்பதை எத்தனை படங்களின் பின்கதையாகக் கேட்டிருக்கிறேன் தெரியுமா? மாத்திரை போட்டதால்தான் நார்மல். 2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வாங்கப் போக நேரமில்லை என்ற சாக்கும் போய்விட்டது. ஊறுகாயும் கருவாடும் தினசரி வேண்டாம். ஆம்பூர் பிரியாணியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, எனக்கு இந்த ஊரில்தான் குடியிருக்க வேண்டும்.

“வாய் கோணிக்கிச்சு, கை விழுந்துடுச்சுன்னா முதல்ல என்ன செய்யணும்?”

108. அடுத்து, மணி பார்க்க வேண்டும். ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்’ என்பதுதான் ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. பெரிய குழாய் அடைத்திருந்தால் கம்பி விட்டுக் கட்டியை எடுக்க ஆறு மணி நேரம், படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை. வளையம் நன்றாக இருந்து சுற்றுவழி ரத்தம் தாங்கிக்கொண்டிருப்பவர்கள்தான் பெரும்பாலும் அந்தச் சிலர்.

தண்ணீர், காபி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போகும். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா, ரத்தக்கசிவா என்று சிடி எடுத்தால்தான் தெரியும், கசிவாக இருந்தால் நிலைமை மோசமாகும். சிடி இல்லாத இடத்தில் ட்ரிப் ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் படுக்க வைப்பது, பாதி மூளையை வாசலிலேயே விட்டுவிட்டு வருவது போல. பீஞ்சமந்தை மாதிரி மலைக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு மலை இறங்கவே நேரம் போய்விடுகிறது. அவர்கள் ‘கொஞ்ச நேரம் பார்ப்போம்’ என்ற பேச்சுக்கே இடம் தரக்கூடாது.

இந்தியாவிலேயே முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பிரிவு 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்டது இதே வேலூர் சிஎம்சியில்தான். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. வெளிமாநிலத்துக்காரர்கள் இரண்டு நாள் ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். நம்மவர்கள் கை விழுந்த மறுநாள் புறா ரத்தம் தேய்க்க ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். புறாவின் சூடு தோலோடு நின்றுவிடும். அடைப்பு மண்டைக்குள்.

“பழைய பிலிமெல்லாம் தூக்கிப் போட்டுடலாமா?”

கூடாது. இன்றைக்கு யதேச்சையாகத் தெரிந்த சின்னக் குழாய், பத்து வருஷம் கழித்து ஒரு ராத்திரி டாக்டருக்குப் பெரிய உதவி. ‘இந்தக் குழாய் இப்போது அடைத்ததா, முன்பே இப்படித்தானா’ என்று அவர் மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டியதில்லை.

பிலிமைப் பரணில் போடாதீர்கள். வேலூர் மே மாத வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் கிடந்த பிலிம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், முழுக்கக் கருகிய தோசைக்கல்லாக இருந்தது. இப்போதைய பிலிம்கள் சூட்டில் படம் பதிபவை, சூடு பட்டால் மேலும் கறுக்கும். துணி பீரோவில் அடித்தட்டில் நிற்க வையுங்கள், படங்கள் பதிந்த குறுந்தட்டைத் தனிக்கவரில் போடுங்கள். ரிப்போர்ட் தாளைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து, உங்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். அன்றைக்கு உங்களால் பேச முடியாமல் போகலாம்.